விரிபக்கமும் பொருள்கோளும்: கட்டடக் கலைஞரைக் காட்டும் இதழ்ப் பக்கங்கள் பற்றிய ஓர் ஆய்வு

செய்யுளில் சொற்கள் நிற்கும் முறையும் அவற்றிற்குப் பொருள் கொள்ளும் முறையும் எஞ்ஞான்றும் ஒன்றாய் அமைவதில்லை. இதனை நன்குணர்ந்த நம் இலக்கண நூலார் பொருள்கோள் என ஒரு பகுதியை வகுத்தனர். நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு கூறினார் தொல்காப்பியர். நன்னூலார் அதனை எட்டாக விரித்தார். எச்சொல் எச்சொல்லோடு கூடும் என்பதை அறியாதவன் பாட்டைப் படித்தும் அதன் பொருளை அடையான். செய்யுளுக்கு வகுத்த இம்முறையை அச்சிட்ட இதழின் பக்கத்திற்கும் பொருத்திக் காணலாம் என்பது நம் கருத்து. அக்கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதழைப் பிரித்த அளவில் இடமும் வலமுமாக இரண்டு பக்கங்கள் ஒருங்கே கண்ணுக்குத் தோன்றுகின்றன. இதழ்த் தொழிலார் இதனை டபுள் ஸ்பிரெட் என்பர். நாம் விரிபக்கம் என்போம். தலைப்பு, பத்தி, படம், படக்குறிப்பு, வெற்றிடம் எனப் பல உறுப்புகள் அதில் உண்டு. எழுத்தைப் படிக்கும் கண் ஓர் ஒழுங்கில் வரிவரியாகச் செல்லும். படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு அவ்வொழுங்கு இல்லை. அது பெரியதை முதலில் பற்றும். ஒத்த வடிவுடையவற்றைத் தானே இணைக்கும். அருகில் இருப்பனவற்றை உறவுடையன என்று கொள்ளும். ஆகவே எதனை எதனோடு கூட்டிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதைப் பக்கத்தை அமைத்தவரே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறார். அச்சகத்தில் லே-அவுட் என்று வழங்கும் தொழிலின் உட்பொருள் இதுவே. பக்கம் அழகாக உள்ளதா என்று கேட்டு அமைபவர் பலர். பக்கம் கூட்டிவைக்கும் கூட்டு மெய்யானதா என்பதே திறனாய்வாளன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வி கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றிய விரிபக்கத்தில் மிகவும் கூர்மை பெறுகிறது. பாட்டை இதழில் அச்சிட்டால் பாட்டே படிப்பவர் கையில் இருக்கிறது. ஓவியத்தை அச்சிட்டால் அளவு குறையும், நிறம் திரியும். எனினும் அதன் முழுப் பரப்பும் ஒரு பார்வையில் அடங்கும். கட்டடமோ இதழுக்குள் வாராது. அதன் ஒரு முகம் வரும். ஒரு நாளின் ஒரு நொடி வரும். படம் எடுத்தவர் நின்ற இடம் வரும். மிகப் பலர்க்கு அப்பக்கமே கட்டடம். இதற்குப் புதுவையிலேயே சான்று உண்டு. கோல்கொண்டா என்னும் பெயருடைய உறைவிடம் இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவில் எழுந்த கட்டடங்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. முதலியார்பேட்டையிலிருந்து அது சிறு தொலைவிலேயே உள்ளது. ஆயின் அஃது அரவிந்தர் ஆசிரமத்தார் உறையும் இடமாதலின், நினைத்தவர் நினைத்தபோது உட்புகுந்து காணல் இயலாது. பிராகு நகரத்து மாணவனும் முதலியார்பேட்டை மாணவனும் அதன் அறைகளைப் பெரும்பாலும் இதழ்ப் பக்கத்தின் வழியேதான் அறிகின்றனர்.

முதற்கண் பிரெஞ்சு இதழ் ஒன்றன் பக்கங்களை நோக்குவோம். அவ்விதழுக்கும் புதுவைக் கட்டடத்திற்கும் உள்ள தொடர்பு பின்னர்ப் புலனாகும். பாரிசில் 1920 அக்டோபரில் தொடங்கி 1925 சனவரியோடு நின்றுபோன 'லெஸ்ப்ரி நூவோ' 28 எண்களே கண்டது. தெர்மே என்னும் கவிஞரும், ஒசான்ஃபான் என்னும் ஓவியரும், ழான்னரே என்னும் கட்டடக் கலைஞரும் அதனைத் தோற்றுவித்தனர். ழான்னரே 'லெ கொர்பூசியே' என்ற புனைபெயரை மேற்கொண்டது இவ்விதழிலேதான். நம் நாட்டில் சண்டிகர் நகரை வகுத்தவர் அவரே. 1921இல் வந்த 6ஆம் எண்ணில், அவர் முன்னர்க் கட்டிய வீடு ஒன்றைப் பற்றிய கட்டுரை படங்களோடு இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தில் லா ஷோ-த-ஃபோன் என்னும் ஊரில், கடிகாரத் தொழிலதிபரான ஷ்வோப் என்னும் செல்வருக்காக 1916–17இல் எழுந்த வீடு அது. கான்கிரீட் சட்டகமும் செங்கற் போர்வையும் உடையது. கட்டுரையின் கீழ் இருந்த பெயர் ழுலியேன் கரோன்.

அப்பெயருடைய எழுத்தாளர் ஒருவர் இருந்ததில்லை. ஒசான்ஃபானே அப்பெயரில் எழுதினார். இதழாசிரியருள் ஒருவர் கட்டிய வீட்டை மற்றோர் ஆசிரியர் மாற்றுப்பெயரில் புகழ்ந்தார் என்பதாயிற்று. இது கண்டு முகம் சுளிப்போர் நன்னூற் பாயிரத்தை ஒருமுறை நினைத்தல் நலம். சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியவர் தன் ஆசிரியன், தன்னொடு கற்றவன், தன் மாணாக்கன், தக்க உரைகாரன் என்று நன்னூல் வரையறுக்கும். தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கும். உடனே விலக்கிற்கும் விலக்குக் கூறும். தன் ஆற்றலை உணராதவர் இடையே நிற்கும்போதும், பிறர் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அதன் கொள்கை. 1921இல் லெ கொர்பூசியேயைப் பாரிசு அறியாது. ஒசான்ஃபானோ அவருடன் ஓவியக் கொள்கை ஒன்றை வகுத்தவர். தன்னொடு கற்றோன் என்னும் வகையில் தடையின்றி அடங்குவார். ஆகவே புகழ்ச்சியில் குற்றம் காண நாம் முற்படவில்லை. மாற்றுப்பெயரும், புனைபெயர்கள் மலிந்த தமிழிதழ் உலகிற்குப் புதிதன்று. குற்றம் சொல்லில் இல்லை, படத்தில் உள்ளது.

அக்கட்டுரைக்குரிய ஒளிப்படங்களை லெ கொர்பூசியே திருத்தினார். ரீடச் என்று படப்பிடிப்பாளர் கூறும் தொழில் அது. என்னென்ன மாற்றப்பட்டன என்பதை பியாட்ரிஸ் கொலோமினா 1994இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். முற்றத்தில் இருந்த கொடிப்பந்தல் மறைக்கப்பட்டது. செடிகளும் படர்கொடிகளும் நாய்க்கூண்டும் அகற்றப்பட்டு, தோட்டத்துச் சுவரின் கூரிய கோடு மட்டும் நிறுத்தப்பட்டது. தோட்டத்துப் பணிவாயிலில் துருத்தி நின்ற பகுதியும் கோணலான படிகளும் வெட்டப்பட்டு நேர்கோடாயின. வீடு நின்ற நிலம் மலைச்சரிவு, அச்சரிவும் இல்லாதொழிந்தது. எவ்விடத்தும் நில்லாத, எவ்விடத்தும் நிற்கக்கூடிய ஒரு வடிவமாக வீடு பக்கத்தில் மிதக்கிறது. இது தனித்த ஒரு செயலும் அன்று. அவ்விதழ் பெரிதும் போற்றிய தானியக் களஞ்சியங்களின் படங்களுள் ஒன்றில் முக்கோண முகப்புகள் அழிக்கப்பட்டமையும் அறியப்பட்ட செய்தியே.

அவரது சார்பில் ஒரு விடை கூறலாம். அவர் காட்ட விரும்பியது ஷ்வோப் என்பாரின் வீட்டை அன்று, தம் கொள்கையை. கொள்கைக்கு வேண்டாதவற்றை நீக்குதல் கலைஞன் உரிமை என்பதே அவ்விடை. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கொள்கையைக் காட்ட வரைபடம் இருக்கிறது. வரைபடம் 'இவ்வாறு அமைக' என்று கூறும். ஒளிப்படம் 'இவ்வாறு இருந்தது' என்று சான்றுரைக்கும். ஏவலின் உரிமையைச் சான்றுக்கு அளித்தல் ஆகாது. தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டினார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை; எண்கள் நிற்கின்றன, இடம் வெறிதாய் உள்ளது. அவ்விரு பாட்டுகளுக்கும் பின்வந்த எண்களை முன்தள்ளி நிரப்பியிருந்தால் நூல் பார்வைக்கு முழுமையாய் இருந்திருக்கும். நூலின் மேல் நமக்குள்ள நம்பிக்கை போயிருக்கும். ஷ்வோப் வீட்டுப் படத்தில் கொடிப்பந்தல் மறைந்தது. ஆயினும் அது நின்ற இடத்தின் வெண்மையான தடம் தரையில் எஞ்சிவிட்டது என்கிறார் கொலோமினா. அழித்தெழுதிய ஏட்டில் பழைய கீறல் தெரிவது போன்றது இது. அவ்விதழின் எழுத்துரு, ஓரம், பத்தியமைப்பு ஆகியவற்றின் தூய்மையைப் புகழ்வோர் இத்தடத்தையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். பின்னாளில், 1910 முதல் 1929 வரையிலான தம் பணிகளைத் தொகுத்த முதல் தொகுதியில் லெ கொர்பூசியே இவ்வீட்டிற்கு இடமே அளிக்கவில்லை. முதலில் செடி போயிற்று. பிறகு வீடே போயிற்று.

இனி அதே இதழ்வழி வந்த மற்றொரு விரிபக்கம். 1921இல் 10ஆம் எண்ணில் வந்து, 1923இல் லெ கொர்பூசியேயின் நூலில் சேர்ந்த, மோட்டார் வண்டிகள் பற்றிய கட்டுரைக்குரியது அது. நூலின் இரு பக்கங்களிலும் நான்கு படங்கள் உள்ளன. இடப்பக்கத்தில் மேலே கி.மு. 600–550 என்னும் குறிப்போடு பெய்ஸ்டம் கோயில், கீழே 1907ஆம் ஆண்டின் ஹம்பர் வண்டி. வலப்பக்கத்தில் மேலே கி.மு. 447–434இல் எழுந்த பார்த்தினான், கீழே 1921ஆம் ஆண்டின் தெலாழ் வண்டி. படக்குறிப்புகள் பெயரும் ஆண்டுமே. வேறொரு சொல் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அச்சான விரிபக்கங்களுள் இதைப்போல் எடுத்தாளப்பெற்றவை சிலவே.

இதனை நிரல்நிறை என்று தமிழ் மாணவன் நொடியில் கண்டுகொள்வான். இடத்திலிருந்து வலத்திற்குச் செல்லின் முதிராத வடிவம் முதிர்ந்த வடிவமாகிறது. மேலிருந்து கீழ்ச் செல்லின் கோயிலுக்கு நேராக வண்டி நிற்கிறது. நடுமடிப்பு இங்குத் தடையாக இல்லாமல் காலத்தின் கோடாகப் பயன்படுகிறது. இவ்வளவு குறைந்த உறுப்புகளால் இவ்வளவு பொருளைச் சொன்ன பக்கம் அரிது. இதனை வியவாமல் இருத்தல் கூடாது. ஆயினும் செய்யுளில் வரும் நிரல்நிறையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் பெயர்களின் நிரல் ஒருபுறம் நிற்க, அவை கொண்டு முடியும் வினைகளின் நிரலும் அடுத்து வரும். இன்னது இன்னதைச் செய்தது என்பதைப் புலவன் சொல்லியே ஆக வேண்டும். இவ்விரிபக்கத்தில் பெயர்கள் உள, வினை இல்லை. 'செம்மையுற்றது' என்னும் வினையை நம் கண்ணே வருவிக்கிறது. வண்டி 14 ஆண்டுகளில் மாறியதற்குத் தொழிற்சாலையும் போட்டியும் வாங்குவோர் விருப்பமும் காரணம். கோயில் நூறாண்டுக்கும் மேலான காலத்தில் மாறியதற்குக் காரணங்கள் வேறு. அவ்வேறுபாட்டைக் கட்டுரை பேசலாம், பக்கம் பேசவில்லை. பக்கத்தைப் பார்த்தவர் எல்லாரும் கட்டுரையைப் படித்தவர் அல்லர். நிரல்நிறை இங்கு உவமையாக நின்றால் நன்று. சான்றாகக் கொள்ளின் தீது. முன்னைய ஷ்வோப் பக்கத்தோடு இதனை ஒன்றாக வைத்து இகழ்வது மட்டும் நேர்மையாகாது. இங்கு எவ்வளவு துணிச்சலான கூட்டாயினும், அது கண்முன்னே நடக்கிறது.

செடியை அழித்த பக்கத்திற்கு மறுதலையான பக்கங்கள் இலங்கையிலிருந்து வந்தன. கொழும்பிலிருந்து பணிசெய்த ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களை, 'மிமார்' என்னும் கட்டடக்கலை இதழை நடத்திய சிங்கப்பூர் நிறுவனம் 1986இல் தனி நூலாக வெளியிட்டது. அதில் உள்ள வரைபடங்களில் மரங்கள் வெறும் வட்டங்களாக இல்லை. இந்தக் கிளை, இந்த இலை என்று ஒவ்வொரு மரமும் தனித்தனியே வரையப்பட்டுள்ளது. லக்கி சேனநாயக்க முதலிய ஓவியர் பாவாவின் அலுவலகத்தில் வளர்த்த வரைமுறை அது. சுவர் ஒரு மெல்லிய கோடு; மரமோ முழு உருவம். கட்டடம் நிலத்திற்குக் கடன்பட்டது என்னும் கொள்கையை எழுத்தின் துணையின்றியே அப்பக்கங்கள் உணர்த்துகின்றன. பாவாவோடு நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளர் பூலோகசுந்தரம் என்னும் தமிழர் என்பதும், மதுரையிலும் பாவா ஒரு மன்றக் கட்டடம் அமைத்தார் என்பதும் நம்மவர் அறியத்தக்கவை. கொள்கையை வரைபடத்தின் வாயிலாகச் சொல்லுதலே முறை என்று மேலே கூறினோம். அதற்கு இது சான்று.

இனிக் கோல்கொண்டாவுக்கு வருவோம். செக்கு நாட்டில் பிறந்து டோக்கியோவில் அலுவலகம் நடத்திய ஆன்தொனின் ரேமண்ட் அதனை 1930களின் நடுப்பகுதியில் வகுத்தார். 1937இல் தொடங்கிய வேலை 1940களிலேயே முடிந்தது. அவர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகஷிமா புதுவையில் தங்கி வேலையை நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் மரப்பொருள் செய்வதில் பெரும்புகழ் பெற்றவர் அவரே. அவருக்குப் பின்னும் பணியைத் தொடர்ந்தவர் ஃபிரான்டிஷெக் ஸாமர். பாரிசில் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் பணியாற்றி, பின் சோவியத்து நாட்டிலும் டோக்கியோவிலும் இருந்துவிட்டுப் புதுவைக்கு வந்தவர். செடிகளை அழித்த கையின் மாணவர் ஒருவர் கடற்கரை வெயிலில் காற்றுக்கு வழிவிடும் வீட்டைக் கட்ட வந்தார் என்பது வரலாற்றின் சுவையான திருப்பம். ஐதராபாத்து நிசாம் அளித்த ஓர் இலட்ச ரூபாய்க் கொடையை நினைவுகூரும் பெயரே கோல்கொண்டா.

அக்கட்டடத்தின் உயிர் எங்கே உள்ளது? வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட முகங்களில் கண்ணாடிச் சாளரம் இல்லை. லூவர் எனப்படும் கிடையான சாய்பலகைகள் அடுக்கடுக்காய் முகம் முழுதும் நிற்கின்றன. கையால் திருப்பினால் திறக்கும். மழைக்கும் வெயிலுக்கும் மூடும். தெற்கே அறைகள், வடக்கே நடைவழி. இடையில் தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவு. அது பார்வையை மறைத்துக் காற்றை விடுவது. தெற்கே நுழைந்த காற்று அறையையும் கதவையும் நடைவழியையும் கடந்து வடக்கே வெளியேறும். தட்டைக் கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் கவிந்து நிற்க, இரண்டிற்கும் இடையே காற்று உலவும். இவ்வளவும் அசைவு. கட்டடமே ஒரு வினைச்சொல்.

இதழ்களில் கோல்கொண்டாவைக் காட்ட அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுவது சாய்பலகைகள் நிறைந்த முகமே. காரணம் எளிது. ஒளியும் நிழலும் மாறிமாறி வரும் கோடுகள் கறுப்பு வெள்ளையில் மிக அழகாக அச்சேறும். அப்படத்தை ஓரம் விடாமல் இரு பக்கத்திலும் பரப்பும் ஆசை பக்கம் அமைப்போர்க்கு எழுதல் இயல்பு. அவ்வாசை இருவகையில் தவறு தருவது. முதலாவது தொழில்வகைத் தவறு. கிடைக்கோடுகளால் ஆகிய படத்தை நடுமடிப்பின் குறுக்கே போட்டால், இரு பக்கங்களும் ஒரு நூலிழை ஏறியிறங்கினாலும் ஒவ்வொரு கோடும் முறியும். மரமோ மலையோ ஆயின் அம்முறிவு மறையும், சாய்பலகையில் மறையாது. கட்டுவேலை செய்பவர் பிழை கட்டடத்தின் பிழையாகத் தோன்றும். இரண்டாவது பொருள்வகைத் தவறு. ஒரே படம் ஒரே நிலையைக் காட்டும். திறந்த நிலையா, மூடிய நிலையா என்பது கூடப் பழகாத கண்ணுக்குத் தெரியாது. வினைச்சொல்லாகிய கட்டடம் பெயர்ச்சொல்லாக உறைந்துவிடுகிறது; அறையில் வாழ்பவர்க்குக் காற்றாக இருப்பது பக்கத்தைப் பார்ப்பவர்க்கு வெறும் கோலமாகிறது.

இதற்கு மாற்றாக எத்தகைய விரிபக்கம் வேண்டும் என்று கேட்பார்க்கு, தாப்பிசையை நினைவூட்டுவோம். ஊஞ்சல் இருபுறமும் சென்று மீள்வதுபோல, நடுநின்ற சொல் முன்னும் பின்னும் சென்று பொருந்துவது தாப்பிசை. இடப்பக்கத்தில் பலகைகள் மூடிய முகம், வலப்பக்கத்தில் அதே இடத்தில் நின்று எடுத்த திறந்த முகம். இரண்டிற்கும் கீழே, இரு பக்கத்திற்கும் பொதுவாக, கட்டடத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டும் வெட்டுமுகப் படம் ஒன்று. நடுமடிப்பு அறைக்கும் நடைவழிக்கும் இடையிலுள்ள கதவில் விழுமாறு அதனை அமைத்துவிடலாம். வெட்டுமுகம் இடப்படத்தோடு கூடி வெயிலும் மழையும் தடுக்கும் முறையைச் சொல்லும். வலப்படத்தோடு கூடிக் காற்றின் வழியைச் சொல்லும். இதற்கு அரிய கருவியோ மிகுந்த செலவோ வேண்டா. கட்டடம் எதனால் சிறந்தது என்பதைப் பக்கம் அமைப்பவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

வெட்டுமுகமும் அளவும் பொதுவாசகரை அச்சுறுத்தும் என்பர் இதழாசிரியர். நம் பழம்புலவர் அவ்வாறு அஞ்சியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடரங்கின் அளவைத் தருகிறார். இருபத்துநான்கு விரல் கொண்ட மூங்கிற்கோல் அளவுகோலாகிறது. அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேடைக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல், வாயில் இரண்டு. இன்றும் ஒருவர் அவ்வரங்கைக் கட்டிவிடலாம். காப்பியத்தில் இவ்வளவுகள் சுவைக்குத் தடையாயின என்று எவரும் குறை கூறக் கேட்டதில்லை. நெடுநல்வாடையில் அரண்மனை வகுக்கும் பகுதி இன்னும் நுட்பமானது. நண்பகலில் நட்ட கோலின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளை பார்த்து, நூலறிந்த புலவர் கயிறிட்டுத் திசை குறித்து மனை வகுக்கின்றனர். நூல் என்னும் சொல் ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும். அங்கே கட்டடக் கலைஞரின் முகம் இல்லை, பெயரும் இல்லை, செயல் இருக்கிறது. இன்றைய விரிபக்கத்திலோ கலைஞரின் முகம் ஒரு முழுப் பக்கத்தைக் கொள்ள, அவர் கட்டியவை அஞ்சல்தலை அளவில் அடியில் வரிசையாக நிற்றலைக் காண்கிறோம். நெற்றியைச் சுருக்கிய முகத்திலிருந்து வீட்டின் படிக்கட்டை எவரும் ஊகித்தல் இயலாது.

தமிழ் இதழ்களுக்கே உரிய இடர்கள் சில உள. ஆங்கில இதழ்களின் பத்தியகலத்தை அப்படியே எடுத்தாளும் வழக்கம் பரவியுள்ளது. தமிழ்ச்சொற்கள் உருபும் இடைநிலையும் சேர்ந்து நீள்வன. குறுகிய பத்தியில் இருபுறமும் ஒழுங்குபடுத்த முயன்றால் ஒரு வரியில் இரண்டு சொல்லே நின்று, இடையில் ஆறுபோல் வெளி ஓடும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் உடைய எழுத்துகளுக்கு வரியிடை மிகுதியாக வேண்டும். அதை வழங்காத பக்கம் நெரிசலாகத் தோன்றும். இவற்றினும் பெரிய கேடு, இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் படக்குறிப்பைச் சிறிதாகப் பொறிப்பது. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. மை பரவிச் சுழி அடைபட்டால் இரண்டும் ஒன்றே. மனை என்று எழுதியது மணையாகும், வீடு பலகையாகும். வேறு துறைக் கட்டுரையில் இது சிரித்துவிட்டுப் போகும் பிழை. கட்டடக் கட்டுரையிலோ மனையும் மணையும் ஒரே வரியில் வரக்கூடிய சொற்கள்.

படக்குறிப்பு என்பது உரை. புதுவையில் 1908 முதல் 1910 வரை வெளிவந்த பாரதியாரின் 'இந்தியா' இதழ் இதனை நன்குணர்ந்திருந்தது. கருத்துப்படத்தை வெளியிட்டு, அதன் பொருளை விளக்கும் உரையையும் உடன் தந்தது அவ்விதழ். படமே பேசும் என்று விட்டுவிடவில்லை. படம் பார்த்துப் பழகாத வாசகருக்கு எதனை எதனோடு கூட்டுவது என்று கற்பித்தது. கட்டடப் படங்களைப் பொறுத்தவரை நம் வாசகர் இன்றும் ஏறத்தாழ அந்நிலையிலேயே உள்ளனர். 'எழில்மிகு தோற்றம்' என்னும் படக்குறிப்பு உரையாகாது. எத்திசை முகம், எந்த ஆண்டுப் படம், எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் கூறுவது உரையாகும்.

இறுதியாக, பக்கத்தின் விளிம்பு பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். புதுவையைப் பற்றிய விரிபக்கங்களில் கால்வாய்க்குக் கிழக்கேயுள்ள மஞ்சள் சுவரும் வெண்கோடும் காகிதப்பூவும் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதலியார்பேட்டை அப்படங்களின் விளிம்புக்கு அப்பால் உள்ளது. 1898இல் தோன்றி 2020இல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு துணி ஆலை இங்கேதான், கடலூர்ச் சாலையில் உள்ளது. பழைய தெருக்களில் எஞ்சியுள்ள திண்ணை வீடுகள் தாழ்வாரத்தாலும் முற்றத்தாலும் வெயிலையும் காற்றையும் ஆள்வன. கோல்கொண்டா பலகைகளால் செய்ததை இவை வேறு வழியில் செய்தன. ஒரு விரிபக்கத்தில் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வெட்டுமுகம் வரைந்தால், அது பெய்ஸ்டம் கோயிலையும் ஹம்பர் வண்டியையும் இணைத்த நிரல்நிறையினும் உண்மையான நிரல்நிறையாகும்; ஏனெனில் இரண்டிற்கும் வெயில் ஒன்று, காற்று ஒன்று, மழை ஒன்று. வினையை வாசகர் வருவிக்க வேண்டியதில்லை. அவ்வாறு அமைந்த பக்கம் ஒன்றை நாம் இதுகாறும் கண்டிலோம்.

அப்படி ஒரு பக்கம் அமையுமாயின் ஒரு சிக்கல் எழும். கோல்கொண்டாவின் படத்தின் கீழ் ரேமண்ட், நகஷிமா, ஸாமர், ஆசிரமப் பொறியாளர் சந்துலால் ஆகிய பெயர்களை இடலாம். அங்கே கான்கிரீட் சுமந்த கூலியாட்களின் பெயர் அவ்வரிசையில் இல்லை. எதிர்ப்பக்கத்துத் திண்ணை வீட்டின் கீழ் இடுவதற்குக் கொத்தர் பெயரும் இல்லை, தச்சர் பெயரும் இல்லை. பக்க ஒழுங்கு கெடும் என்று அஞ்சி, அங்கே வீட்டுக்குடையவர் பெயரையோ 'மரபுவழிக் கட்டடம்' என்னும் பொதுச்சொல்லையோ இட்டு நிரப்பிவிடுவர். புறநானூற்றுப் பதிப்பில் 267உம் 268உம் நிற்பதுபோல, 'கட்டியவர்' என்னும் சொல்லை மட்டும் நிறுத்தி எதிரே வெற்றிடம் விடுதல் அதற்குத் தக்க முறை என்பது நம் துணிபு.